பேய்க்காடியில் கேரி தீவுக்கு

போன வாரம் மகள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு பேய்ப்படம் பார்த்தார்கள். டிரைவர் இல்லாத கார் ஒன்று தானாக ஸ்டார்ட் ஆகி ஆட்களைத் துரத்துகிற கதை. மருமகன் சிரித்துக்கொண்டே முறுக்கு கடிக்கிறார். நான் பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். "அம்மாவுக்குப் பயம்லா," என்று மகள் சொன்னது காதில் விழுந்தது.

அவளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உங்களுக்குச் சொல்லலாம். ஒரே ஒரு வீட்டில் வீடியோ பெட்டி இருக்க, வரிசையில் உள்ள மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிய காலத்து ஆட்கள் நீங்கள். காரை நாம் அப்போது காடி என்றுதான் சொல்வோம். ஒரு வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் எங்களுக்கு இரண்டு காடிகள் வந்து சேர்ந்தன. ஒன்று படத்தில். இன்னொன்று எங்கள் வீட்டு வாசலில்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பாவுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். கிள்ளானில் யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் போய் ஒரு வெள்ளைக் காடியை ஓட்டிக்கொண்டு வந்தார். பழசுதான், வந்த சில நாளிலேயே ஏர்கோன் குளிர்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் எங்கள் வரிசையில் அதுதான் முதல் காடி. பின்சீட்டில் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொண்டு, எழும்போது தோல் பிய்கிற மாதிரி வலிக்கும். உள்ளே பெட்ரோல் மாதிரியும் கருகின மாதிரியும் ஒரு வாடை. அம்மா முகத்தைச் சுளித்தாள். அப்புறம் பாசாரில் இருந்து ஒரு கட்டு பாண்டான் இலை வாங்கி வந்து பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். அதன் பிறகு பாண்டான் வாசமும் கருகல் வாடையும் சேர்ந்து அடித்தது. இன்றைக்கும் பாண்டான் போட்ட கேக்கை நான் தொடுவதில்லை.

அந்தப் படத்தைக் கொண்டு வந்தவர் பக்கத்து வீட்டு ஆன்டி. அவர் வீட்டில்தான் வீடியோ பெட்டி. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு போய் உட்கார்ந்தோம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஆன்டி டேப்பைப் போட்டார். முதலில் கொஞ்ச நேரம் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியது. பிறகு ஒரு கறுப்புக் காடி.

அதன் முதலாளியை அந்தக் காடிக்குள்ளேயே வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அதில் ஏறுகிற எல்லாருக்கும் முதலில் ஒரு கொட்டாவி வரும். அடுத்து, கண்ணாடி தானாக மேலே ஏறும். கதவுப் பூட்டு 'டக்'கென்று இறங்கும். உள்ளே இருப்பவர் வாயைத் திறந்து கத்துவது தெரியும், சத்தம் வெளியே வராது. கண்ணாடியைத் தட்டுவார், தட்டுவார், தலை மெதுவாகத் தோளில் சாய்ந்துவிடும். ரத்தம், கோரப்பல் எதுவும் கிடையாது. தூங்குகிற மாதிரி சாவதுதான் அதில் பயங்கரம். தம்பி என் கையை விடவே இல்லை. அவன் அப்போது பள்ளிக்குக் கூடப் போகத் தொடங்கவில்லை.

படத்தில் ஒரே ஒருத்தி தப்பிப்பாள். ஒரு நர்ஸ். கொட்டாவி வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிடும். டிரைவரிடம் கெஞ்ச மாட்டாள், கண்ணாடியோடு மல்லுக்கட்ட மாட்டாள். ஓடுகிற காடியின் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்து புல்வெளியில் உருண்டுவிடுவாள். ஆன்டி அந்த இடத்தில் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

மறுநாள் பூசைக்குப் போக எங்கள் காடியில் ஏறினோம். நல்ல மழை. எங்கள் பக்கத்துக் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. மாதா கோயில் வந்து சேர்வதற்குள் தம்பி கொட்டாவி விட்டான்.

நான் அலறிய அலறலில் அப்பா பிரேக் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் முதலில் சிரித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "படம் பாத்து புத்தி கெட்டுப் போச்சி இதுங்களுக்கு," என்றார்.

ஆனால் அது ஒரு நாளோடு போகவில்லை. அந்தக் காடியில் மழையில் போனால் எனக்குத் தலைவலி வரும். நெற்றிப் பொட்டில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. தம்பி வாந்தி எடுப்பான், இல்லாவிட்டால் தூங்கிவிடுவான். அம்மாவுக்கும் தலை கனக்கும். அவளுக்கு எப்போதும் ஒற்றைத் தலைவலி உண்டு என்பதால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் எதுவுமே ஆகாது. அவர் ஓட்டும்போது சிகரெட் பிடிப்பார். சாம்பல் தட்டுவதற்காகத் தன் பக்கத்துக் கண்ணாடியை எப்போதும் நாலு விரல் அளவு இறக்கி வைத்திருப்பார், எவ்வளவு மழை பெய்தாலும்.

"நானும் இதே காடியிலதான வரேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்று கேட்பார்.

பிறகு ஆன்டி ஒரு செய்தி கொண்டு வந்தார். கிள்ளானில் அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. துணி காயப்போடும் இடத்தில் அம்மாவைப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் கொடியில் தொங்கிய போர்வைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அந்தக் காடி யாருதுன்னு தெரியுமா? கிள்ளான் போர்ட்டுல வேல செஞ்ச ஆளுதாம். காலைல பொண்டாட்டியோட சண்ட, பசியாறாம கெளம்பிப் போயிருக்கான். வேல எடத்துக்கு வெளிய, மழையில, காடிக்குள்ள உக்காந்த மேனிக்கே செத்துக் கெடந்தானாம். நெஞ்சு வெடிச்சிருச்சின்னு சொல்றாங்க. அவ பேசுன பேச்சு அப்படி."

அம்மாவின் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

"அதே சீட்டுலதான்லா உங்க வீட்டுக்காரரு உக்காந்து ஓட்டுறாரு," என்று ஆன்டி முடித்தார்.

அன்று மாலை வீட்டில் பெரிய சண்டை. ஆள் இறந்தது அப்பாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லவில்லை. "மனுசன் எங்க வேணும்னாலும் சாவான். கட்டில்ல சாவுறான், கட்டில வித்துடறோமா?" என்று கேட்டார். அம்மா போய், காடிக்குள் முன்கண்ணாடிப் பக்கம் ஜெபமாலையைக் கட்டித் தொங்கவிட்டாள். கோயிலில் இருந்து கொண்டு வந்த தீர்த்தத்தைச் சீட்டில் தெளித்தாள். ஆன்டி தன் பங்குக்கு எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தார். அப்பா வேலையில் இருந்து வந்து அதை எடுத்து சாக்கடையில் எறிந்தார். அப்படியே ஆன்டி வீட்டு வாசலுக்குப் போய் நின்று, இனிமேல் என் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

நானும் தம்பியும் கண்ட ஒரே வழி, ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிடுவது. அது மழைக்காலம். சீட் நனையும், தரைக் கம்பளம் நனையும், அப்பா திட்டுவார், ஏற்றுவோம், அவர் திரும்பியதும் மறுபடி இறக்குவோம். ஒருநாள் அவர் அடிக்க ரோத்தான் பிரம்பை எடுக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பின்கதவுகளில் இருந்த கண்ணாடி சுற்றும் பிடிகள் இரண்டையும் கழற்றி, முன்பக்கத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடினார். பிடி இருந்த இடத்தில் பல் பல்லாக ஒரு இரும்புக் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதை விரலால் திருகிப் பார்த்தேன். விரல்தான் வலித்தது.

படத்தில் கண்ணாடி தானாக ஏறியது. எங்கள் வீட்டில் அதை அப்பாவே செய்தார். அவருக்கு அப்போது அது ஈரக் கம்பளத்தைக் காப்பாற்றுகிற காரியமாகத்தான் பட்டது.

என் சித்தி கேரி தீவில் இருந்தாள். சித்தப்பாவுக்கு அங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை. கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பார்க்கக் கிளம்பினோம். காலையில் நல்ல வெயில். கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது கண்ணாடி எல்லாம் பாதி இறங்கியிருந்தது; பின்னால் இருந்ததை அப்பாவே பிடி மாட்டி இறக்கியிருந்தார். அம்மா சித்திக்குச் செய்த பலகார டின்னை மடியில் வைத்திருந்தாள். எனக்குத் தலைவலியே இல்லை. அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "எங்கடி ஒன் பேயி? இன்னிக்கு லீவா?" என்று கேட்டார். தம்பிகூடச் சிரித்தான்.

கிள்ளானைத் தாண்டும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்திலேயே அப்பா இறங்கிப் பின்கதவைத் திறந்து, டேஷ்போர்டில் இருந்த பிடியை மாட்டி, எங்கள் பக்கத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிடியைத் திரும்பக் கழற்றிக்கொண்டு போனார். பண்டமாரானைக் கடந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. வைப்பர் ஆடியும் முன்னால் எதுவும் தெரியவில்லை. எங்கேயோ மரம் விழுந்துவிட்டதாம், பாதை முழுக்க லோரிகள், எல்லாம் ஊர்ந்தன. நின்று நின்று போனோம். காற்று அப்பா பக்கம் அடித்துச் சாரல் அவர் மடியில் விழுந்தது. சிகரெட் நனைந்துவிட்டது. அதை வெளியே போட்டுவிட்டு, அந்தக் காடி வந்த நாளில் இருந்து முதல் தடவையாக அவர் தன் கண்ணாடியை முழுக்க ஏற்றினார்.

வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் உள்ளே இருந்து ஆவி படிந்தது. தம்பி சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டான். கொட்டாவி விட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு கொட்டாவி. நெற்றிப் பொட்டில் அந்த விரல் அழுத்தத் தொடங்கியது, இந்தத் தடவை இரண்டு பக்கமும்.

"அம்மா," என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. மடியில் இருந்த பலகார டின் சரிந்து காலடியில் விழுந்தும் அவள் குனியவில்லை.

"அப்பா, கண்ணாடியத் தெறங்கப்பா."

"மழ பெய்யுது கண்ணு தெரியலையா? சும்மா கெட."

"அப்பா, தம்பி தூங்கிட்டான்."

"தூங்கட்டும்லா! தூங்குனா நல்லதுதான!"

அவர் குரலும் சரியாக இல்லை. நாக்கு தடித்த மாதிரி இருந்தது. கண்ணை அடிக்கடி கசக்கினார். நான் தம்பியை உலுக்கினேன். கை தொப்பென்று சீட்டுக்குக் கீழே தொங்கியது. காலைக் கிள்ளினேன், நகம் பதியக் கிள்ளினேன். முனகக்கூட இல்லை. அந்த இரும்புக் குச்சியை இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன், பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். என் கை கால் எல்லாம் யாருடையதோ மாதிரி இருந்தது. தூக்கம் அவ்வளவு இதமாக வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இதம்தான் என்னைப் பயமுறுத்தியது. படத்தில் அவர்கள் முகமெல்லாம் அப்படித்தான் இருந்தது.

காடி நகரத் தொடங்கியிருந்தது. நான் பூட்டை இழுத்துவிட்டு, அந்த நர்ஸ் மாதிரி இரண்டு கையாலும் கதவைத் தள்ளினேன்.

மழையும் காற்றும் உள்ளே பாய்ந்தன. பின்னால் வந்த லோரி காது கிழிய ஹாரன் அடித்தது. அப்பா பிரேக் போட்டதில் நான் முன்சீட்டின் முதுகில் போய் மோதினேன். அவர் இறங்கி, தடுமாறி, காடியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். கதவு வழியாக உள்ளே குனிந்தார். ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார். நான் தம்பியைக் காட்டினேன்.

அப்பாவின் முகம் மாறியதை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். தம்பியை இழுத்து மழையில் தூக்கினார். அவன் தலை பின்பக்கம் தொங்கியது. பெயரைச் சொல்லிக் கத்தினார். லோரியில் இருந்து திட்டுவதற்காக இறங்கி வந்த மலாய்க்காரர் பிள்ளையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தார். அம்மா இறங்கி நிற்கப் பார்த்து முழங்கால் மடங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். மழை தம்பியின் மூஞ்சியில் அடித்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் மாதிரி இருந்தது. பிறகு அவன் இருமினான். இருமி, அப்பாவின் சட்டை மேலேயே வாந்தி எடுத்தான். வாந்தியைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

லோரிக்காரர் எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் கொண்டு போய்விட்டார். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைக் கேட்டார், உனக்கு என்ன செய்தது என்று. எனக்குத் தெரிந்த மலாயில், எங்கள் காடியில் பேய் இருக்கிறது என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பேய் எப்போதும் வருமா, கண்ணாடி மூடியிருக்கும்போது மட்டும் வருமா என்று கேட்டார். மூடினால்தான் என்றேன். அவர் உடனே எழுந்து போய் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். தம்பியையும் அம்மாவையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். தம்பி இப்போது பூச்சோங்கில் இருக்கிறான், தலை முழுக்க நரை.

காடியைக் கிள்ளானில் பழுது பார்க்கும் ஒரு போமென் கடைக்கு இழுத்துப் போய் உயரத்தில் தூக்கி நிறுத்தினார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டு அடியில் காட்டினார். புகைபோகும் குழாய் பின்சீட்டுக்கு நேர் கீழே உடைந்து தொங்கியது. அதற்கு மேலே காடியின் தரைத் தகடு துருப்பிடித்து, என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கரி. மேலே கம்பளம் போட்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அப்பா அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கரி படிந்த கையைத் துடைக்காமலே நின்றுகொண்டிருந்தார். அவர் எங்களைப் பற்றித்தான் நினைக்கிறார் என்று நான் எண்ணினேன். வீடு திரும்பும் பஸ்ஸில்தான் மெதுவாகச் சொன்னார்: "அந்த ஆளு நெஞ்சு வெடிச்சுச் சாகல."

புது வருஷம் பிறந்து, பள்ளி திறப்பதற்குள் ஒரு காலையில் என்னைச் சட்டை மாற்றச் சொன்னார். கிள்ளானுக்கு பஸ் பிடித்தோம். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு வரிசை வீட்டின் முன்னால் நின்று கேட்டைத் தட்டினார். வெளியே வந்தது ஒரு பெரிய பெண்மணி, கையில் மாவு. இறந்தவரின் அக்கா என்று பிறகு தெரிந்தது. அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்.

"காடிய வித்தா வித்ததுதான். திருப்பியெல்லாம் எடுத்துக்க முடியாது," என்றார்.

"காடி விசயமா வரல. உங்க தம்பி சம்சாரத்தப் பாக்கணும்."

"அவளப் பாத்து என்னா ஆகப் போவுது?" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்துவிட்டு, அவர் சமையலறைக்குள் போய்விட்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

இறந்தவரின் மனைவி வந்தார்; இவ்வளவு சின்னவராக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். திட்டு வாங்கத் தயாராக இருக்கிற பிள்ளை மாதிரி இருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்து சேர்ந்த கதை அவர் வீட்டுக்குள் தினமும் எத்தனை தடவை பேசப்பட்டிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே சொன்னார். குழாய் உடைந்ததை, ஓட்டையை, மழையை, கண்ணாடியை, தம்பி தூங்கியதை.

"எம் பொண்ணு பல தடவ சொன்னா. நான் நம்பல. கடைசியில இவதான் கதவத் தெறந்தா. அதுக்கு இவள அறைஞ்சேன். அறைஞ்ச பெறகுதான் எம் பையனப் பாத்தேன்." அவர் என் தோளை அழுத்தினார். மன்னிப்பு என்ற வார்த்தையை என்னிடம் அவர் நேராக ஒருநாளும் சொன்னதில்லை. "உங்க வீட்டுக்காரரு அன்னிக்கு மழையில கண்ணாடிய ஏத்திட்டு, இஞ்சினப் போட்டுட்டு உக்காந்திருந்தாரா தங்கச்சி?"

"ஏர்கோன் போட்டுட்டுத் தூங்குவாருண்ணே. வேலைக்கு நேரமாவுற வரைக்கும்."

"அப்ப அந்தப் பொகதான்மா."



"வலிச்சிருக்குமாண்ணே?"

"இல்லம்மா. எம் பையனுக்கு ஒண்ணுமே தெரியல. தூங்குற மாதிரிதான்."

அவர் அழுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். உள்ளே எண்ணெய் பொரிகிற சத்தமும், கரண்டி சட்டியில் உரசுகிற சத்தமும் கேட்டன.

"அண்ணே," என்றார். "இப்ப சொன்னீங்கள்ல. அத இன்னொரு தடவ சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

அப்பா எழுந்து நின்றார். சமையலறைக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரு காடிப் பொகையிலதாம்மா செத்தாரு," என்றார், தெருவுக்கே கேட்கிற குரலில். "கொழா ஒடஞ்சு பொக உள்ள வந்திருக்கு. யாரு பேசுனதாலயும் இல்ல. யாரோட சண்ட போட்டதாலயும் இல்ல."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.